உங்கள் ஆப்பை ஹங்கேரியில் ஒருவர் வாங்கினால், வரி கட்டுவது யார்? - சின்ன சாஃப்ட்வேர் பிசினஸுக்கு ஒரு கைடு

ராத்திரி 2 மணிக்கு போன் அதிர்கிறது. தூக்கக் கலக்கத்தில் எடுத்துப் பார்த்தால், 'உங்களுக்கு 20 டாலர் வந்திருக்கிறது' என்று ஒரு மெயில். ஆபீஸ் முடிந்து வந்து, சனி ஞாயிறுகளை விட்டுக்கொடுத்து நீங்கள் எழுதிய குட்டி சாஃப்ட்வேரை, முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். ஊர், ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட். அதுக்கப்புறம் தூக்கம் வருமா என்ன?

அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பது நோக்கமில்லை. ஆனால், ஒரு விஷயத்தை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அந்த 20 டாலரில் சுமார் 4.25 டாலர் உங்களுடையது இல்லை. அது ஹங்கேரி அரசுக்குச் சேர வேண்டிய வரி. வாங்கியவரிடம் வசூலித்து அரசிடம் கட்ட வேண்டிய பொறுப்பு, விற்றவருக்கு. அதாவது, உங்களுக்கு!

"நான் கோயம்புத்தூர்ல உட்கார்ந்திருக்கேன். ஹங்கேரிக்கு நான் ஏன் வரி கட்டணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்தால்தான், ஆன்லைன் பேமென்ட் நிறுவனங்கள் '5% கொடுங்கள், வரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்வதன் அர்த்தமும் புரியும். அந்த 5% கொடுக்கலாமா, வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யவும் முடியும்.

முதலில் இரண்டு வரிகளைப் பிரித்துக்கொள்வோம்

வருமான வரி என்பது உங்கள் லாபத்தின் மீது வருவது. நீங்கள் இந்தியாவில் வசித்தால், உலகத்தில் எங்கிருந்து சம்பாதித்தாலும் அதற்கு இந்தியாவில் கணக்கு காட்ட வேண்டும். இந்தப் பொறுப்பை எந்த பேமென்ட் நிறுவனமும் வாங்கிக்கொள்ளாது.

நாம் இங்கே பேசப்போவது இன்னொரு வரி. ஓட்டலில் சாப்பிட்டால் பில்லின் கடைசியில் ஜி.எஸ்.டி என்று வருமே, அந்த வகை. அதைக் கொடுப்பவர் வாடிக்கையாளர். கடைக்காரர் வெறும் வசூல்காரர்தான். வாங்கி வைத்து, அரசிடம் கட்டிவிட வேண்டும். ஐரோப்பாவில் இதற்குப் பெயர் வாட். அமெரிக்காவில் சேல்ஸ் டாக்ஸ். இந்தியா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் வசூலிக்க மறந்துவிட்டால் வரி காணாமல்போய்விடாது. பின்னாளில் அந்த நாடு கேட்டால், விற்றவர் தன் கையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

வாங்குபவர் ஊரில்தான் வரி

சட்டை, செருப்பு விற்றால் சரக்கு எல்லையைத் தாண்டும்போது கஸ்டம்ஸில் நிறுத்தி வரி வாங்கிவிடலாம். சாஃப்ட்வேரை எந்தச் செக்போஸ்ட்டில் நிறுத்துவது? அதனால், 'வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த நாட்டின் வரியை விற்பவரே வசூலித்து அனுப்ப வேண்டும்' என்று நாடுகள் விதி போட ஆரம்பித்தன.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் முன்னோடி. ஒன்றியத்துக்கு வெளியே இருந்து தனிநபர்களுக்கு டிஜிட்டல் சேவை விற்பவர்களுக்கு 2003 ஜூலையிலேயே இந்த விதி வந்துவிட்டது. 2015 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவுக்குள் இருக்கும் விற்பனையாளர்களுக்கும் இதே விதி. ஜெர்மனிக்காரர் வாங்கினால் 19%, பிரான்ஸ் என்றால் 20%, அயர்லாந்து 23%, ஹங்கேரி 27%. ஒரே சாஃப்ட்வேர், ஒரே விலை. வரி மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

2015-ல் இந்த விதி வந்தபோது அதிகம் தவித்தவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. வீட்டிலிருந்தபடி மின்னூல், பின்னல் டிசைன், ஆன்லைன் வகுப்பு விற்றுக்கொண்டிருந்த பிரிட்டன் நாட்டுக் குட்டி வியாபாரிகள்தான். அப்போது பிரிட்டனில் ஆண்டுக்கு 81,000 பவுண்டு வரை விற்றால் வாட் பதிவே தேவையில்லை. ஆனால், பிரான்ஸில் ஒரே ஒருவர் ஒரு மின்னூல் வாங்கிவிட்டால், ஐரோப்பிய வாட் விதி அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. சோஷியல் மீடியாவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதன்பிறகு 2019-ல், ஒன்றியத்துக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்களுக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரை சலுகை கிடைத்தது.

நமக்கு? அந்தச் சலுகை கிடையாது. ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு முதல் விற்பனையிலிருந்தே விதி பொருந்தும். ஒரே ஆறுதல், 27 நாடுகளிலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 'ஒன் ஸ்டாப் ஷாப்' என்ற திட்டத்தில் ஏதாவது ஒரு நாட்டில் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கணக்குக் கொடுக்கலாம். வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கு பில்லிங் முகவரி, ஐ.பி முகவரி, வங்கி இருக்கும் நாடு போன்றவற்றில் பொதுவாக இரண்டு ஆதாரங்கள் பொருந்த வேண்டும். அந்தக் கணக்குகளை 10 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். 20 டாலர் சாஃப்ட்வேருக்கு 10 வருட ஃபைல்!

அமெரிக்கா: ஒரு நாடு இல்லை, பல கடைத்தெரு

அமெரிக்காவில் நாடு முழுவதுக்குமான சேல்ஸ் டாக்ஸ் கிடையாது. 45 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக வசூலிக்கின்றன. அதன் மேல் மாவட்டம், நகரம் என்று உள்ளூர் வரியும் ஏறும். அலாஸ்கா, டெலவேர், மான்டானா, நியூ ஹாம்ப்ஷையர், ஆரிகன் ஆகிய ஐந்தில் மட்டும் மாநில அளவிலான சேல்ஸ் டாக்ஸ் இல்லை.

முன்பெல்லாம் ஒரு மாநிலத்தில் உங்களுக்கு கடையோ, குடோனோ, ஊழியரோ இருந்தால்தான் வரி வசூலிக்கும் கடமை வரும். 2018 ஜூன் 21-ல் 'சவுத் டகோட்டா எதிர் வேஃபேர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. அங்கே ஆபீஸ் இல்லாவிட்டாலும், போதுமான அளவு விற்றாலே கடமை வரும் என்றது தீர்ப்பு. சவுத் டகோட்டாவின் சட்டப்படி அந்த அளவு, ஆண்டுக்கு 1,00,000 டாலர் விற்பனை அல்லது 200 பரிவர்த்தனைகள்.

அந்த 200-ஐக் கவனியுங்கள். 10 டாலர் ஆப்பை ஒரு மாநிலத்தில் 200 பேர் வாங்கினால் மொத்தமே 2,000 டாலர்தான். ஆனால் எல்லையைத் தாண்டியாகிவிட்டது. சின்ன விலைக்கு நிறைய பேரிடம் விற்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. சவுத் டகோட்டா 2023-ல் இந்த எண்ணிக்கை விதியைக் கைவிட்டது. வேறு பல மாநிலங்களும் கைவிட்டுள்ளன. ஆனால், எல்லா மாநிலங்களும் அல்ல. கலிஃபோர்னியா, டெக்சாஸில் எல்லை 5,00,000 டாலர்.

எதற்கு வரி என்பதிலும் ஒற்றுமை இல்லை. பிரவுசரில் பயன்படுத்தும் சாஃப்ட்வேருக்கு நியூயார்க்கில் வரி உண்டு. டெக்சாஸில் விலையின் 80 சதவிகிதத்துக்கு மட்டும் வரி. கலிஃபோர்னியாவில் பொதுவாக வரி இல்லை. அதையெல்லாம் தனியாளாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், கோடு எழுதுவது எப்போது?

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் 20%, வெளிநாட்டு விற்பனையாளருக்கு முதல் விற்பனையிலிருந்தே. ஆஸ்திரேலியாவில் 10%, ஆண்டுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலரை எட்டினால். நியூசிலாந்தில் 15%, 60,000 நியூசிலாந்து டாலரைத் தாண்டினால். நார்வேயில் 25%, 50,000 குரோனரைத் தாண்டினால்.

உதவி செய்பவர்கள் மூன்று வகை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

'பேமென்ட் வாங்க ஒரு நிறுவனத்துல சேர்ந்துட்டேன். வரியும் அவங்களே பார்த்துப்பாங்க' என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. பணம் வாங்கித் தரும் சேவைகள் எல்லாம் ஒன்றல்ல.

முதல் வகை, பேமென்ட் கேட்வே. ஸ்ட்ரைப், ரேஸர்பே, பேபால் போன்றவற்றின் அடிப்படைச் சேவை இது. வாடிக்கையாளரின் கார்டிலிருந்து உங்கள் கணக்குக்குப் பணத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே இதன் வேலை. விற்பனையாளர் நீங்கள்தான். எந்த நாட்டு வரியாக இருந்தாலும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

இரண்டாவது வகை, வரிக் கணக்குக் கருவி. 2021-ல் வந்த ஸ்ட்ரைப் டாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, எத்தனை சதவிகிதம் என்று கணக்கிட்டு, பில்லில் சேர்த்து வசூலித்துத் தரும். எந்த மாநிலத்தில் எல்லையை நெருங்குகிறீர்கள் என்று எச்சரிக்கும். ஆனால், விற்பனையாளர் இப்போதும் நீங்கள்தான். அந்தந்த நாட்டில் பதிவு உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் உங்கள் கடமை. அதற்கு ஆள் வைக்கலாம், காசு கொடுத்து வேறு சேவையிடம் விடலாம். ஆனால், நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயருக்கே வரும்.

மூன்றாவது வகை, மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டு. சுருக்கமாக எம்.ஓ.ஆர். 'பதிவேட்டில் உள்ள விற்பனையாளர்' என்று அர்த்தம். பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங், லெமன் ஸ்குவீசி ஆகியவை இந்த வகை. கம்ரோட் தளமும் 2025 ஜனவரி 1 முதல் இந்த முறைக்கு மாறியது. லெமன் ஸ்குவீசியை 2024-ல் ஸ்ட்ரைப் நிறுவனமே வாங்கிவிட்டது.

எம்.ஓ.ஆர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்ம தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. வீட்டில் முறுக்கு சுட்டு, மளிகைக் கடைக்குப் போடும் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வருபவரிடம் முறுக்கை விற்பது கடைக்காரர். பில் கடை பெயரில். அந்த பில்லுக்கு உண்டான வரி, கடைக்காரர் பாடு. அக்காவுக்கும் கடைக்காரருக்கும் நடுவே மட்டும்தான் அக்காவின் கணக்கு.

எம்.ஓ.ஆர்-ம் அப்படித்தான். சட்டப்படி நீங்கள் சாஃப்ட்வேரை எம்.ஓ.ஆர் நிறுவனத்துக்கு விற்கிறீர்கள். அவர்கள் புடாபெஸ்ட்காரருக்கு விற்கிறார்கள். பில்லில் விற்பனையாளர் என்று அவர்கள் பெயர் இருக்கும். ஹங்கேரியின் 27 சதவிகிதத்தை வசூலிப்பது, கட்டுவது, ரிட்டர்ன் போடுவது, ஆதாரத்தைப் பாதுகாப்பது எல்லாம் அவர்கள் வேலை. வாங்குபவர் ஐரோப்பியக் கம்பெனி என்றால், வாட் எண்ணைச் சரிபார்த்து வரி இல்லாமல் பில் போடுவதும் அவர்கள் வேலைதான். மாதம் ஒருமுறை, மீதிப் பணம் உங்களுக்கு வரும்.

ஆப் ஸ்டோரில் விற்பவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. ஆப்பிளும் கூகுளும் பெரும்பாலான நாடுகளில் வரியை அவர்களே வசூலித்துக் கட்டிவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் நீண்ட காலமாக எடுத்துவந்த வழக்கமான கமிஷன் 30% அல்லது சிறு டெவலப்பர்களுக்கு 15%. சொந்த வெப்சைட்டில் விற்பவர்களுக்கு அதே நிம்மதியைக் குறைந்த விலையில் தருகிறது எம்.ஓ.ஆர்.

ஆக, எந்தச் சேவையைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி போதும்: "வாடிக்கையாளர் கைக்குப் போகும் பில்லில், விற்பனையாளர் என்று யார் பெயர் இருக்கும்?" உங்கள் பெயர் என்றால், வரியும் உங்களுடையது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேடில் போன்ற எம்.ஓ.ஆர்-களின் பரவலான கட்டணம், ஒரு பரிவர்த்தனைக்கு 5% + 50 சென்ட். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். விலையைப் பொறுத்து இது எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

* 100 டாலர் சாஃப்ட்வேர்: கட்டணம் 5.50 டாலர். அதாவது 5.5%.
* 20 டாலர்: கட்டணம் 1.50 டாலர். 7.5%.
* 5 டாலர்: கட்டணம் 75 சென்ட். 15%.
* 3 டாலர்: கட்டணம் 65 சென்ட். கிட்டத்தட்ட 22%!

5 சதவிகிதம் பிரச்னை இல்லை. அந்த 50 சென்ட்தான் சின்ன விலைகளை மென்று தின்றுவிடுகிறது. அதனால், மாதம் 5 டாலர் சந்தா வைத்திருப்பவர்கள் வருடச் சந்தாவையும் கொடுப்பது புத்திசாலித்தனம். மாதாமாதம் வாங்கினால் 60 டாலருக்கு 12 முறை 75 சென்ட், மொத்தம் 9 டாலர் போகும். ஒரே தடவை 60 டாலராக வாங்கினால் 3.50 டாலர்தான்.

அடுத்த கேள்வி: விலைக்குள் வரி அடங்குமா, விலைக்கு மேல் வரியா? இது உங்கள் செட்டிங்ஸில் இருக்கும் ஒரு சின்ன பட்டன். ஆனால், உங்கள் வருமானத்தையே மாற்றும்.

விலை 20 டாலர், வரி அடக்கம் என்று வைத்தால், ஜெர்மனிக்காரர் வாங்கும்போது வரி 3.19 டாலர், கட்டணம் 1.50 டாலர். உங்களுக்கு 15.31 டாலர். ஹங்கேரிக்காரர் வாங்கினால் 14.25 டாலர்தான்.

வரி தனி என்று வைத்தால், ஜெர்மனிக்காரர் 23.80 டாலர் கொடுப்பார். கட்டணம் பொதுவாக வரி உள்ளிட்ட மொத்தத் தொகை மீது போடப்படுவதால் 1.69 டாலர் போகும். உங்களுக்கு 18.31 டாலர்.

'அப்போ எல்லாருக்கும் வரி தனின்னு வெச்சிடலாமே?' என்று தோன்றும். அமெரிக்காவில் அது சகஜம். கடைசித் திரையில் வரி சேர்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஐரோப்பாவில் அப்படி முடியாது. தனிநபர் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் வரி சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனவே, அமெரிக்காவுக்கு வரி தனி, ஐரோப்பாவுக்கு வரி அடக்கம் என்று நாடு வாரியாக விலை வைப்பதே சரியான வழி.

கட்டணம் தவிர, நீங்கள் விட்டுக்கொடுப்பவை

எம்.ஓ.ஆர் நிம்மதி தரும். ஆனால், கடைச் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பதற்குச் சமம் அது.

பெயர்: வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்டில் எம்.ஓ.ஆர் பெயர்தான் முன்னால் வரும். 'இது யாரு? நான் எதுவும் வாங்கலையே' என்று குழம்பி, வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. நன்றி சொல்லும் மெயிலிலேயே, 'உங்கள் ஸ்டேட்மென்டில் இந்தப் பெயர் வரும்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ரீஃபண்ட்: விற்பனையாளர் அவர்கள் என்பதால், உங்களைக் கேட்காமலே வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் அவர்களுக்கு இருக்கும்.

பணம் வரும் நாள்: கேட்வே என்றால் சில நாள்களில் பணம் வந்துவிடும். எம்.ஓ.ஆர்-ல் பெரும்பாலும் மாதம் ஒருமுறை. அதிலும் ஒரு குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். அந்தப் பணத்தை நம்பி வாடகை கட்டுபவர் என்றால், இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

கணக்கு முடக்கம்: விற்பனையாளர் பொறுப்பை ஏற்பதால், யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதில் இவர்கள் கறாராக இருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. போலி டெக் சப்போர்ட் கும்பல்களுக்குப் பேமென்ட் வசதி செய்துகொடுத்ததாக பேடில் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2025 ஜூனில், அந்த வழக்கை முடித்துக்கொள்ள 50 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதனால், உங்கள் வெப்சைட்டில் விலைப் பட்டியல், ரீஃபண்ட் விதி, தொடர்பு விவரம் எதுவும் இல்லாமல் விண்ணப்பித்தால் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். கன்சல்டிங், தனிப்பட்ட டிசைன் வேலை போன்ற ஆள் உழைப்பைப் பல எம்.ஓ.ஆர்-கள் ஏற்பதில்லை. சாஃப்ட்வேரும் டிஜிட்டல் பொருள்களும்தான்.

வெளியே வரும் வழி: 300 பேர் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளை வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டும். அவர்களின் கார்டு விவரம் எம்.ஓ.ஆர் கையில் இருக்கிறது. அதை மாற்றித் தருவார்களா, 300 பேரும் மறுபடி கார்டு எண்ணைப் போட வேண்டுமா? சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

பழைய பாக்கி: எம்.ஓ.ஆர் பொறுப்பேற்பது அவர்கள் வழியாக நடக்கும் விற்பனைக்கு மட்டும்தான். அதற்கு முன் இரண்டு வருடம் நீங்கள் நேரடியாக விற்றிருந்தால், அந்தக் கணக்கு உங்களிடமே இருக்கும்.

"சின்ன ஆள் நான். யார் வந்து பிடிப்பா?"

எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இது. ஹங்கேரி வரி அதிகாரி நாளைக்கே பீளமேட்டுக்கு வந்து கதவைத் தட்டப்போவதில்லை. உண்மைதான். ஆனால், பிரச்னை வருவது நீங்கள் சின்ன ஆளாக இருக்கும்போது அல்ல, வளர்ந்த பிறகு. வரி, அதற்கு வட்டி, அதற்கு அபராதம் என்று பாக்கி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக, ரிட்டர்னே போடாதவருக்குக் காலாவதிக் கணக்கு ஓடவே ஆரம்பிக்காது. நாலு வருடம் கழித்து உங்கள் சாஃப்ட்வேரை ஒரு கம்பெனி நல்ல விலைக்கு வாங்க வரும்போது, அவர்கள் வக்கீல் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, 'விற்பனை வரி கட்டியதற்குச் சான்று எங்கே?' என்பதுதான். அந்தப் பாக்கியை விலையில் கழிப்பார்கள். இல்லையென்றால், எழுந்து போய்விடுவார்கள்.

நம்ம ஊர் கணக்கு என்ன ஆகும்?

எம்.ஓ.ஆர் வெளிநாட்டு வரியைப் பார்த்துக்கொண்டாலும், இந்தியாவில் உங்கள் கடமை அப்படியே இருக்கிறது. ஆனால், எளிதாகிறது. 40 நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில், உங்கள் கணக்கில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருப்பார். அந்த எம்.ஓ.ஆர் நிறுவனம்!

சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவு தேவை. ஏற்றுமதி வருமானமும் இந்த 20 லட்சத்தில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவு செய்தவர்களுக்கு, சேவை ஏற்றுமதி 'ஜீரோ ரேட்டட்'. அதாவது, வரி 0%. 18% கட்டாமல் ஏற்றுமதி செய்ய, எல்.யு.டி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தை ஜி.எஸ்.டி போர்ட்டலில் ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் வந்தால் இது முதல் வேலையாக இருக்கட்டும்.

ஏற்றுமதி என்று நிரூபிக்க, பணம் வெளிநாட்டு நாணயமாக வந்ததற்கு வங்கியின் சான்று வேண்டும். ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் அதை டவுன்லோடு செய்து ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். எம்.ஓ.ஆர் அனுப்பும் மாத ஸ்டேட்மென்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். அவர்கள் கழித்துக்கொள்ளும் கட்டணத்தை உங்கள் பில்லில் எப்படிக் காட்டுவது என்பதை, ஒப்பந்தத்தின் நகலோடு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்திய வாடிக்கையாளர்களுக்கு விற்பதை வெளிநாட்டு எம்.ஓ.ஆர் வழியாகச் சுற்றிக் கொண்டுவராமல், யு.பி.ஐ வசதியுள்ள உள்ளூர் கேட்வேயில் தனியாக வைத்துக்கொள்வது கணக்குக்கும் சுலபம், வாங்குபவருக்கும் சுலபம்.

யாருக்கு எது?

உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்தியாவில் என்றால், எம்.ஓ.ஆர் தேவையே இல்லை. உள்ளூர் கேட்வே போதும்.

தனியாள், அல்லது இரண்டு மூன்று பேர். பத்து நாடுகளில் தனிநபர்களுக்குச் சின்னச் சின்னத் தொகைக்கு விற்கிறீர்கள். அப்படியென்றால் எம்.ஓ.ஆர்-தான் சரி. நீங்கள் வாங்குவது வரிக் கணக்கை மட்டுமல்ல, கோடு எழுதும் நேரத்தையும்.

வாடிக்கையாளர்கள் எல்லோரும் பெரிய கம்பெனிகள், மாதம் நாலைந்து பில்தான், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலர் என்றால், 5% என்பது பெரிய தொகை. ஐரோப்பியக் கம்பெனிகளிடம் வாட் எண் வாங்கிக்கொண்டு, நல்ல ஆடிட்டர் துணையோடு நேரடியாக பில் போடுவதே லாபமாக இருக்கலாம்.

விற்பனை வளர்ந்து, எம்.ஓ.ஆர் கட்டணமே ஒரு ஊழியரின் சம்பளம் அளவுக்கு வந்துவிட்டால், கேட்வேயும் வரிக் கருவியும் வைத்து, சொந்தப் பதிவுகளுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சேரும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. பில்லில் விற்பனையாளர் யார்? ஒப்பந்தத்தில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா?
2. எந்தெந்த நாடுகளில், எந்தெந்த அமெரிக்க மாநிலங்களில் வரி வசூலித்துக் கட்டுகிறீர்கள்?
3. கட்டணம் வரி உள்ளிட்ட தொகை மீதா? வெளிநாட்டு கார்டு, சந்தா, பேபால் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா?
4. இந்திய வங்கிக் கணக்குக்கு டாலராக அனுப்புவீர்களா? எப்போது, குறைந்தபட்சம் எவ்வளவு சேர வேண்டும்?
5. வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கிக்குப் போனால், அதற்கான அபராதக் கட்டணம் யாருடையது?
6. நான் வெளியேறினால், சந்தாதாரர்களின் கார்டு விவரங்களை மாற்றித் தருவீர்களா?

இந்த ஆறையும் மெயிலில் கேளுங்கள். பதிலையும் மெயிலிலேயே வாங்கி வையுங்கள். போனில் சொன்னது நாளைக்கு உதவாது.

அடுத்த முறை ராத்திரி 2 மணிக்கு போன் அதிர்ந்தால், தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். உங்கள் கோடுக்கு உலகத்தில் எங்கோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அதில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு அடுத்தவருடையது என்பதையும் சேர்த்தே தெரிந்து வைத்திருந்தால், திரும்பப் படுத்ததும் தூக்கமும் நன்றாக வரும்!